பழைய அம்பாசடருக்கு பிக்கப் கூட்டுவது எப்படி: பின் அச்சு கியர் மாற்றம், முழு வழிகாட்டி

மூலக்கடை மேம்பாலத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் ஏறினால் திணறும். இரண்டாவதுக்கு இறக்கினால் அலறும். பின்னால் கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அம்பாசடரை வடசென்னையில் ஓட்டுகிற எல்லோருக்கும் பழகிய காட்சிதான் இது. எஞ்சினைப் பிரித்து சிலிண்டரை போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, கார்புரெட்டர் மாற்றி என்று பணத்தைக் கொட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் வண்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் க்ரௌன் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும்தான் அது.

கீழே உள்ளது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் எஞ்சினும், டிஃபரன்ஷியலை முன்பக்கமாக மொத்தமாகக் கழற்றக்கூடிய பாஞ்சோ வகைப் பின் அச்சும் உள்ள பழைய அம்பாசடருக்கான வேலை முறை. ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு ஒன்றுதான், கழற்றும் விதம் வேறு. அதை இடையில் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கியர் மாற்றினால் என்ன கிடைக்கும், என்ன போகும்

கியர் விகிதம் குதிரைசக்தியை ஒரு துளிகூடக் கூட்டாது. வேகத்தை விற்று இழுவையை வாங்குகிற வியாபாரம் அது. பினியனில் 10 பல், க்ரௌனில் 43 பல் என்றால் விகிதம் 4.3. அதை எடுத்துவிட்டு 8-க்கு 39 போட்டால் 4.875. சக்கரத்துக்குப் போகும் இழுவிசை எல்லாக் கியரிலும் 13 சதவீதம் கூடும். ஒவ்வொரு கியரிலும் எட்டக்கூடிய வேகம் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும்.

13 சதவீதம் என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் வண்டி முன்னேறுவது மொத்த இழுவிசையால் அல்ல, எதிர்ப்பைக் கழித்தது போக மிஞ்சும் விசையால். மேம்பாலம் ஏறும்போது சக்கரத்தில் 100 பங்கு விசை இருந்து, ஏற்றமும் காற்றும் டயர் உருளலும் சேர்ந்து 70 பங்கைத் தின்றுவிட்டால் மிச்சம் 30. விசை 113 ஆனால் மிச்சம் 43. அதாவது வேகமெடுப்பதற்கான உபரி 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. சுமையோடும் ஏற்றத்திலும் ஷார்ட் அச்சு (விகித எண் கூடிய அச்சு) ஏன் வேறு வண்டி ஓட்டுவது போல் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இழப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கியர்களுக்கு இடையிலான இடைவெளி மாறாது. பழைய நான்கு கியர் பெட்டியின் விகிதங்கள் சுமார் 3.8, 2.25, 1.5, 1. இரண்டாவதில் 4,000 ஆர்.பி.எம். வரை இழுத்து மூன்றாவதுக்குப் போட்டால் ஏறக்குறைய 2,670-க்கு இறங்கும். எந்த அச்சு போட்டாலும் இந்த இறக்கம் அப்படியேதான் இருக்கும். அச்சை மாற்றுவது எல்லாப் படிகளையும் ஒன்றாகக் கீழே தள்ளுவது மட்டுமே. படிகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் உங்கள் தொல்லை என்றால் மருந்து கியர் பெட்டியில் இருக்கிறது, அச்சில் இல்லை.

அச்சைத் தொடும் முன் கழிக்க வேண்டியவை

பிக்கப் இல்லை என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு அச்சுப் பிரச்சினையே இருக்காது. இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

எஞ்சினை அணைத்து, ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, கார்புரெட்டரின் த்ராட்டில் முழுசாகத் திறக்கிறதா என்று பானெட்டைத் தூக்கிக் கண்ணால் பாருங்கள். பெடலுக்கு அடியில் தடித்த மேட் கிடந்தாலும், இணைப்புக் கம்பி தேய்ந்திருந்தாலும் முக்கால்வாசிதான் திறக்கும். செலவே இல்லாத பிக்கப் இது. கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் பார்க்கமாட்டார்கள்.

அடுத்து பிரேக். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ பிடித்திருக்கிறது. கடற்கரைக் காற்றில் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வண்டிகளில் சாதாரணம்.

கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க, மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் சட்டென்று முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் முன்னால் ஓடி, வண்டி பின்னால் வந்தால் கிளட்ச் தட்டு முடிந்துவிட்டது. அதோடு ஷார்ட் அச்சைப் போட்டாலும் பயனில்லை.

கம்ப்ரெஷன், டைமிங், வால்வு இடைவெளி ஆகியவற்றை ட்யூனிங் தெரிந்த மெக்கானிக் அரை நாளில் பார்த்துவிடுவார். இப்போது பெட்ரோல் பங்குகளில் ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஜெட் அமைப்பில் அது கலவையை மெலியவைக்கும், மிதித்தவுடன் ஒரு தயக்கம் வரும். கார்புரெட்டர் செட்டிங்கைச் சற்று கொழுப்பாக்கினாலே அந்தத் தயக்கம் போய்விடும். அதை அச்சின் குறையாக எண்ணிவிடாதீர்கள்.

கடைசியாக டயர். டயரும் ஒரு கியர்தான். 165/80 ஆர்15 டயரின் விட்டம் கணக்குப்படி 645 மி.மீ. "கம்பீரமா இருக்கும்" என்று யாரோ சொல்லி ஜீப் அளவான 215/75 ஆர்15 மாட்டியிருந்தால் விட்டம் 703 மி.மீ. ஒன்பது சதவீத இழுவையை டயர்க் கடையிலேயே தொலைத்துவிட்டீர்கள். அச்சை மாற்றி அதை மீட்பதைவிட டயரை மாற்றுவது மலிவு. சுமை தாங்கும் அளவு மட்டும் மூல டயருக்குக் குறையக் கூடாது.

இப்போது இருக்கும் விகிதம் என்ன

வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். ஐம்பது வருட வண்டியில் மூன்று பேராவது டிஃபரன்ஷியலைக் கழற்றியிருப்பார்கள். டாக்ஸியிலிருந்து வந்த தலையும் (டிஃபரன்ஷியலின் கழற்றக்கூடிய முழு உருப்படி) டீசல் வண்டியிலிருந்து வந்த தலையும் மாறி மாறி ஏறியிருக்கும். பிரிக்காமலே எண்ணிவிடலாம்.

சமதரையில் நிறுத்தி முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிப்பதால் அதை விடுவித்தாக வேண்டும், ஆகவே கட்டையில் சோம்பல் கூடாது. கியர் நியூட்ரல். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். மற்றது தரையில் இருக்கட்டும். டயரிலும், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் க்ரௌன் ஒரு சுற்று சுற்றும். எனவே சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 43 சுற்று வந்தால் 4.3. நாற்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 9-க்கு 41, அதாவது 4.556. நாற்பத்தெட்டே முக்கால் வந்தால் 4.875. முப்பத்தொன்பதை ஒட்டி வந்தால் 11-க்கு 43, 3.909. இரண்டு சுற்று மட்டும் சுற்றிக் கண்மட்டத்தில் முடிவு செய்பவர்கள்தான் 4.3-ஐயும் 4.556-ஐயும் குழப்பிக்கொள்வது.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் உங்கள் டயரின் உருளும் சுற்றளவை அளக்க வேண்டும். காற்றைச் சரியாக அடித்து, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில், டயரின் கீழ்முனையில் கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி ஐந்து சுற்றுக்கான தூரத்தை டேப்பில் அளந்து ஐந்தால் வகுங்கள். 15 அங்குல டயர்களில் பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டி வரும்.

அதன்பின் சூத்திரம் ஒன்றே: ஆர்.பி.எம். × சுற்றளவு மீட்டரில் × 0.06, அதை கியர் விகிதத்தையும் அச்சு விகிதத்தையும் பெருக்கியதால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும்.

சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்து, டாப் கியரில் 1,000 ஆர்.பி.எம்.-க்குக் கிடைக்கும் வேகம்:

8/39 (4.875): 24.6 கி.மீ.
9/41 (4.556): 26.3 கி.மீ.
10/43 (4.3): 27.9 கி.மீ.
10/41 (4.1): 29.3 கி.மீ.
11/43 (3.909): 30.7 கி.மீ.

பி-சீரிஸ் பாஞ்சோ அச்சுக் குடும்பத்தில் இந்த ஐந்தும் உண்டு. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.ஏ.-வில் வந்தது 10/43, அதன் 1600 மார்க் 2 மாடலில் 10/41, எம்.ஜி.பி.-யில் 11/43. நமக்குத் தேவை பட்டியலின் மேல் பாதி.

இதை ஓட்டத்தில் வைத்துப் பாருங்கள். மூலக்கடைப் பாலத்தில் மூன்றாவது கியரில் 35 கி.மீ.: 4.3 அச்சில் எஞ்சின் 1,890 ஆர்.பி.எம். சுற்றும், 4.875-இல் 2,140. இந்த எஞ்சின் நன்றாக இழுப்பது 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில். ஆக ஷார்ட் அச்சு போட்டால் இழுவிசை பெருகுவதோடு, எஞ்சினும் தன் நல்ல இடத்துக்கு வந்து நிற்கிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஊர்ந்து போகும்போது ஹாஃப் கிளட்சில் நிற்கும் நேரமும் குறையும். கிளட்ச் தட்டுக்கு ஆயுள்.

மறுபக்கம் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டி 80-இல் போனால் 4.3 அச்சில் 2,870 ஆர்.பி.எம்., 4.875-இல் 3,250. அதிகபட்ச சக்தியே 4,200 ஆர்.பி.எம். அருகில் வருகிற நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் இது. 3,250-இல் மணிக்கணக்கில் ஓட்டினால் சத்தமும் பெட்ரோலும் கூடும், தேய்மானமும் கூடும். இன்னொன்று: மூன்றாவதில் 4,000 வரை இழுத்தால் 4.3-இல் 74 கி.மீ. வரும், 4.875-இல் 65-லேயே முடிந்துவிடும். 70-ஐத் தொட ஒரு கியர் கூடுதலாகப் போட வேண்டும். ஸ்டீயரிங் தண்டு கியரில் அந்த ஒரு மாற்றம் ஒரு வினாடியை விழுங்கும். அதனால் "0-விலிருந்து 70" என்று அளந்து, ஷார்ட் அச்சு தோற்றுவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

எங்கள் தீர்ப்பு இது. 4.3 அல்லது அதைவிட விகித எண் குறைந்த அச்சில் ஓடும் வண்டி, ஊருக்குள்ளேயும் சுமையோடும் ஓடுகிறது என்றால் 9/41 சரியான நடுவழி. மாதம் ஒருமுறையாவது நெல்லூர் பக்கமோ திருப்பதி பக்கமோ போகிறவர் 8/39-ஐத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே 9/41 இருந்தால் 8/39-ஆல் கிடைக்கும் ஏழு சதவீதத்துக்கு இவ்வளவு வேலை செய்வது லாபமில்லை. அந்தப் பணத்தை எஞ்சின் ஹெட்டில் போடுங்கள். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தை நினைத்து "ஷார்ட் ஆக்சில் போட்டாதான் வண்டி" என்று யாராவது சொல்லலாம். ரேஸ்காரர்கள் தடத்துக்குத் தடம் அச்சு மாற்றியவர்கள். திரும்பி வீட்டுக்கு அதே அச்சில் ஓட்டிக்கொண்டு வரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஐந்து கியர் பெட்டி ஏற்றியிருக்கும் வண்டியில் கதை மாறும். ஐந்தாவது கியர் 0.85 என்றால், 4.875 அச்சோடு சேர்ந்து 4.14 ஆகிவிடும். கீழே இழுவை, மேலே நிதானம், இரண்டும் கிடைக்கும். ஆனால் பெட்டியை மாற்ற பெல் ஹவுசிங், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், மவுண்டிங் எல்லாம் மாற வேண்டும். அது தனி வேலை.

பிரீமியர் பத்மினியின் மூலமான ஃபியட் 1100-இல் அச்சு 10/43. அங்கே இன்னும் ஷார்ட்டான செட் தேடுவதைவிடச் சரியான அளவு டயர் போடுவதே நடக்கிற காரியம். ஹெரால்டில் இங்கிலாந்து 948 சி.சி. மாடல் 4.875, 1200 மாடல் 4.11. 948 எஞ்சின் ஹெரால்டுக்கு யாராவது 4.11 தலையை ஏற்றியிருந்தால் அது நகராது. சுற்றை எண்ணிப் பாருங்கள்.

உருப்படி வாங்கும்போது

புதுப்பேட்டையிலோ, பழைய வண்டி உடைக்கும் இடத்திலோ தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். க்ரௌன் பினியனை மட்டும் தனியாக வாங்காதீர்கள், "தலையோடு" வாங்குங்கள். கேரியர், க்ரௌன், பினியன், பேரிங் எல்லாம் சேர்ந்த முழு டிஃபரன்ஷியல் தலை கிடைத்தால், அதன் செட்டிங் பிறந்தபோது வைத்தபடியே இருக்கும். பேரிங்கும் பல்லும் நன்றாக இருந்தால் ஆயில் சீல் மாற்றி அப்படியே ஏற்றலாம். கீழே வரும் செட்டிங் பகுதியின் தலைவலி முழுக்க இல்லாமல் போகும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை: க்ரௌனிலும் பினியனிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா? இந்த இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்தவை. வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்தது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஊளையிடும். பல்லின் முகத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். குழியோ, ஓரத்தில் படியோ தட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். பல் எண்ணிக்கையை நீங்களே எண்ணுங்கள். சைடு கியரின் ஸ்ப்ளைன் (ஷாஃப்டைப் பூட்டும் நீள வரிகள்) எண்ணிக்கையும் உங்கள் ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். பினியன் ஃப்ளாஞ்சின் (போல்ட் போடும் வட்டத் தகடு) துளைகள் உங்கள் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும்.

வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டியின் தலை என்றால் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கும். ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், பேரிங் உருளைகளில் துருப் புள்ளி வைத்திருக்கும். பல் நன்றாக இருந்தாலும் நான்கு பேரிங்கும் மாற்றியாக வேண்டும். உங்கள் வண்டியே அப்படி மூழ்கியிருந்தால் இந்தச் சோதனை அதற்கும் பொருந்தும்.

கழற்றும் பழைய தலையை எடைக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மூல விகிதத்துக்குத் திரும்ப நினைக்கும் நாளில் அது இல்லாவிட்டால் திண்டாட்டம்.

கழற்றுவது

ஒரு நாள் வேலை. தேவை: நல்ல ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு, ட்ரே, புது கேஸ்கட்டுகள், பினியன் ஆயில் சீல், டார்க் ரெஞ்ச், இன்னொரு ஆள். தலை கனமானது, மல்லாந்து படுத்துக்கொண்டு தனியாக இறக்க முயன்றால் மார்பில்தான் விழும்.

1. முன்சக்கரத்துக்குக் கட்டை. பின்பக்கத்தைத் தூக்கி அச்சுக் குழாய்களுக்கு அடியில் ஸ்டாண்டு. சக்கரங்களைக் கழற்றுங்கள்.

2. அச்சு வெதுவெதுப்பாக இருக்கும்போதே டிரெயின் பிளக்கைத் திறந்து ஆயிலை இறக்குங்கள். வடிந்ததில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் இயல்பு. கையில் குத்தும் துகள் வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. புதுத் தலையை ஏற்றும் முன் அச்சுக் குழாயின் உள்பக்கத்தைக் கழுவியே ஆக வேண்டும்.

3. பிரேக் ட்ரம்மின் கவுண்டர்சங்க் திருகுகளைக் கழற்றி ட்ரம்மை எடுங்கள். கடற்காற்றில் இந்தத் திருகுகள் ஒட்டிப்போயிருக்கும். முதல் நாளே துருநீக்கி அடித்து வைத்து, இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவரில் ஒரே அடி. சாதா ஸ்க்ரூடிரைவரால் நோண்டினால் தலை வழுக்கி, ட்ரில் போட வேண்டி வரும்.

4. ஆக்சில் ஷாஃப்ட் ஃப்ளாஞ்சின் திருகையும் எடுத்து ஷாஃப்டை வெளியே இழுங்கள். ஹப்பைக் கழற்றத் தேவையில்லை. இரண்டு ஷாஃப்டையும் முழுசாக வெளியே எடுத்துத் துடைத்து, ஸ்ப்ளைன் வரிகளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வரிகள் நேராக இல்லாமல் கயிறு முறுக்கியது போல் சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே பாதி உடைந்ததுதான். ஷார்ட் அச்சு கூடுதல் முறுக்கத்தைக் கொடுக்கும் முதல் மாதத்திலேயே போய்விடும்.

5. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஃப்ளாஞ்சிலும் பினியன் ஃப்ளாஞ்சிலும் ஒரே கோடாக உளியால் அடையாளம் போட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றி ஷாஃப்டை ஓரமாகக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

6. தலையைச் சுற்றியுள்ள நட்டுகளை எடுத்து, இருவரும் பிடித்து முன்பக்கமாக இழுத்து இறக்குங்கள்.

செட்டிங்: அவசரப்படக் கூடாத இடம்

முழுத் தலையாக வாங்கியவர்கள் பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டம்) மட்டும் அளந்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். ஜோடியை மட்டும் மாற்றுகிறவர்கள் பேரிங் ப்ரெஸ், நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் இரண்டும் உள்ள பட்டறையைத்தான் தேட வேண்டும். "கை அளவுலயே வச்சிடலாம் தலைவா, கொஞ்சம் ஊளை இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்று சொல்கிற இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். இந்த அச்சின் ஹைபாயிட் (சாய்வாக வளைந்த) பல் போகப் போகச் சரியாகாது, போகப் போகத் தேயும்.

கழற்றும்போதே டிஃபரன்ஷியல் பேரிங் மூடிகள் இரண்டுக்கும் இடது வலது அடையாளம் போடுங்கள். கேரியரோடு சேர்த்துக் கடைந்தவை அவை, மாறினால் பேரிங் நெரிபடும். இரு பக்க ஷிம்களையும் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடுகள்) தனித்தனிக் கவரில் போட்டு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

முதல் அளவு பினியன் ஆழம். பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே ஒரு வாஷர் இருக்கும். அதன் தடிமன்தான் பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பினியன் முகத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் பொறித்திருக்கும். தயாரிப்பாளரைப் பொறுத்து அந்தக் குறியின் பொருள் மாறும் என்பதால் அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, தீர்ப்பைப் பின்னால் வரும் சாயச் சோதனையிடம் விடுங்கள்.

இரண்டாவது, பினியன் பேரிங்கின் முன்னழுத்தம். பேரிங்குகளுக்கு நடுவே ஸ்பேசரும் ஷிம்களும் இருக்கும். நட்டை 135 முதல் 140 அடி-பவுண்டு வரை இறுக்கியபின், ஆயில் சீல் இல்லாமல், பினியனைச் சுற்ற 10 முதல் 12 அங்குல-பவுண்டு, அதாவது 11.5 முதல் 13.8 கிலோ-செ.மீ. முறுக்குவிசை தேவைப்பட வேண்டும். இது புது பேரிங்குக்கான அளவு. இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். காசிமேட்டில் சின்ன மீன் நிறுக்கிற கொக்கித் தராசு போதும், 10 கிலோவுக்கு உட்பட்டதாக இருக்கட்டும். ஃப்ளாஞ்சில் நூலைச் சுற்றி, தராசில் மாட்டி, ஒரே சீராக இழுங்கள். நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 4 செ.மீ. என்றால் தராசு 2.9 முதல் 3.5 கிலோ காட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஷிம் கூட்டுங்கள், தளர்ந்திருந்தால் குறையுங்கள். நட்டைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பது பெரிய தவறு. அந்த நட்டு சாலையில் கழன்றால் பினியன் க்ரௌனை நோக்கி நகர்ந்து அதன் பல்லை வரிசையாக உடைக்கும்.

மூன்றாவது, க்ரௌனைப் புதுப் பூட்டுத் தகடுகளோடு குறுக்கும் நெடுக்குமாக 55 முதல் 60 அடி-பவுண்டு இறுக்குங்கள். உட்காரும் முகத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் க்ரௌன் தள்ளாடும். டயல் கேஜில் தள்ளாட்டம் 0.05 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பேரிங் மூடிகள் 60 முதல் 65 அடி-பவுண்டு.

நான்காவது பேக்லாஷ். எவ்வளவு வேண்டும் என்று க்ரௌனின் பின்முகத்திலேயே பொறித்திருக்கும். பெரும்பாலும் 0.13 முதல் 0.18 மி.மீ. டயல் கேஜின் முனையைப் பல்லின் மேல் நேர்செங்குத்தாக வைத்து, பினியனைப் பிடித்துக்கொண்டு க்ரௌனை ஆட்டிப் படியுங்கள். நான்கு இடத்தில் அளக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஒரு பக்க ஷிம்மை எடுத்து மறுபக்கம் போட்டு க்ரௌனை பினியனை நோக்கி நகர்த்துங்கள். 0.05 மி.மீ. ஷிம் இடம் மாறினால் பேக்லாஷும் ஏறக்குறைய அவ்வளவே மாறும். எடுத்ததை மறுபக்கம் போடுவதே விதி. மொத்தத் தடிமன் மாறினால் பேரிங் அழுத்தம் கெடும்.

இப்போது சாயம். ஏழெட்டு பல்லில் ப்ருஷியன் ப்ளூவை மெல்லப் பூசி, க்ரௌனைக் கட்டையால் சற்றுத் தடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள். பல்லின் இழுக்கும் பக்கத்தில் தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல்லின் உச்சியை ஒட்டி விழுந்தால் பினியன் தூரத்தில் நிற்கிறது, தடித்த வாஷர் போட்டு உள்ளே தள்ள வேண்டும். அடிப்பள்ளத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, வாஷரை மெலிதாக்குங்கள். பல்லின் குறுகிய உள்முனையில் விழுந்தால் க்ரௌனை விலக்குங்கள், அகன்ற வெளிமுனையில் விழுந்தால் நெருக்குங்கள். நடுவில், உள்முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து விழுந்தால் சரி. சுமை ஏறும்போது அது தானே வெளிப்பக்கம் விரியும். ஒன்றை மாற்றினால் மற்றதும் நகரும். மூன்று நான்கு முறை கழற்றிப் பூட்டுவது வழக்கம்தான். இரண்டாவது முறையிலேயே "போதும்" என்று சொல்லத் தோன்றும்.

திரும்ப ஏற்றுவதும் பழக்குவதும்

கழற்றியதன் தலைகீழ். கவனிக்க வேண்டியவை மூன்றே. புது ஆயில் சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் அடித்தால் முதல் ஐந்து கி.மீ.-யிலேயே கருகும். ஆக்சில் ஷாஃப்ட் கேஸ்கட் பழையதைப் போட்டால் ஆயில் பிரேக் ட்ரம்முக்குள் போகும். அச்சின் மேலுள்ள ப்ரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். மணலியின் தூசி அடைத்திருந்தால் சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் எந்தப் புது சீலையும் பிதுக்கும்.

ஆயில் ஹைபாயிட் அச்சுக்கான எஸ்.ஏ.இ. 90, ஜி.எல்.5 தரம். சமதரையில் நிறுத்தி நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். ஒன்றரை லிட்டருக்குப் பக்கம் வரும். அதே டின்னில் மிஞ்சியதை கியர் பெட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்.

புது ஜோடி என்றால் முதல் 20 கி.மீ. 40 வேகத்துக்குள் ஓட்டி, நிறுத்தி, முழுசாக ஆறவிடுங்கள். புதுப் பல்லில் உரசல் வெப்பம் அதிகம், ஆறவிடாமல் ஓட்டினால் பல்லின் மேல்தோல் மென்மையாகிவிடும். 500 கி.மீ. வரை ஆள் நிறைய ஏற்றுவது, இழுத்து மிதிப்பது வேண்டாம். அதன்பின் ஆயிலை மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்

அம்பாசடரின் ஸ்பீடோ கேபிள் கியர் பெட்டியின் வால் பகுதியிலிருந்து போகிறது. அச்சு மாறியது அதற்குத் தெரியாது. 4.3-இலிருந்து 4.556-க்குப் போனால் உண்மையைவிட 6 சதவீதம் கூடக் காட்டும், 4.875-க்குப் போனால் 13 சதவீதம். அதாவது 60 என்று காட்டும்போது உண்மையில் 53. ஓடிய கி.மீ. கணக்கும் அதே அளவு ஊதிவிடும். அதை மறந்துவிட்டு, மைலேஜ் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. போனில் ஜி.பி.எஸ். வைத்து 30, 40, 50, 60-இல் உண்மை வேகத்தை எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள், அல்லது மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் திருத்துங்கள்.

சத்தம் வந்தால்

இழுக்கும்போது மட்டும் ஊளை, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் இழுக்கும் பக்கத் தடம் தவறு, பினியன் ஆழத்தைத் திரும்பப் பாருங்கள். காலை எடுக்கும்போது மட்டும் ஊளை வந்தால் பினியன் பேரிங் அழுத்தம் தளர்ந்திருக்கலாம். எப்போதும் ஒரே உறுமல், வேகத்தோடு ஏறி இறங்கினால் பேரிங். கிளட்ச் விடும்போது "டக்" என்று ஓர் அடி வந்தால் உடனே க்ரௌனைக் குறை சொல்லாதீர்கள். யுனிவர்சல் ஜாயிண்ட், ஷாஃப்ட் ஸ்ப்ளைன், டிஃபரன்ஷியலின் சின்ன கியர்களுக்கு அடியில் உள்ள வாஷர் மூன்றையும் பாருங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இப்போது அதே சாலை வேகத்துக்கு அதிகம் சுற்றுவதால், முன்பு 70-இல் வந்த நடுக்கம் 60-லேயே வந்தால் அது புதுக் கோளாறு அல்ல. பழைய ஜாயிண்ட்தான் சீக்கிரம் தலைகாட்டுகிறது.

கிடைத்ததை அளப்பது

மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே முறையில் அளந்தால்தான் கணக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இது வேண்டவே வேண்டாம். ஞாயிறு விடியலில், மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஆளில்லாத சமதளப் பகுதி போதும். மூன்றாவது கியரில் ஜி.பி.எஸ். படி 30-இல் நிதானமாகப் போய், முழுசாக மிதித்து 60-ஐத் தொடும் வரை பக்கத்தில் இருப்பவர் நேரம் பிடிக்கட்டும். போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். கடல் காற்று ஒரு திசையில் உதவி மறு திசையில் தடுக்கும். அதே ஆட்கள், அதே டயர் காற்று, டேங்கில் அதே அளவு பெட்ரோல் இருக்கட்டும். ஸ்பீடோமீட்டரைப் பார்த்து அளந்தால் மாற்றியபின் வண்டி பறப்பது போல் எண் வரும், அதில் பாதி மீட்டரின் பொய்.